எருமைக் கொம்பாக இருக்கட்டும்

என் மகன் சொன்னது பொய்தான் என்று ஆய்வகத்திலிருந்து தாள் வர வேண்டும். ஷார்ஜாவில் விமானம் இறங்கும்போது எனக்கு இருந்த ஒரே வேண்டுதல் இதுதான். பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று தெருவில் பெருமை பேசிய தாய் நான். அவன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

நான் பரமக்குடி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். மகன் சரவணன் ஷார்ஜாவின் பழைய சந்தையில் ஒரு கலைப்பொருள் கடையில் விற்பனையாளனாக இருந்தான். வளைந்த குத்துவாள்கள், பித்தளைக் கூஜாக்கள், ஒட்டகப் பொம்மைகள் விற்கிற கடை. ஒரு குத்துவாளின் பிடியைக் காட்டி, “இது காண்டாமிருகக் கொம்பு” என்று ஒரு வெளிநாட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் புகார் கொடுத்துவிட்டார். காண்டாமிருகக் கொம்பை விற்பது அங்கே பெரிய குற்றம். வாளையும் எடுத்துப் போனார்கள், அவனையும் கூட்டிப் போனார்கள். சில நாள் உள்ளே இருந்துவிட்டு, அடுத்த கடை நெய்னா அண்ணன் தன் பாஸ்போர்ட்டை ஜாமீனாகக் கொடுத்த பிறகு வெளியே வந்தான். வழக்கு முடியும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது.

அவன் அப்பா இரத்த அழுத்தக்காரர். அவரிடம் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊர் திரும்பி இதை எழுதும்போதும், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை.

நெய்னா அண்ணன் கீழக்கரைக்காரர். அத்தர் கடை வைத்திருக்கிறார். விமான நிலையத்துக்குத் தன் பழைய வேனில் வந்திருந்தார். உள்ளே ஏறினால் சந்தனமும் அகிலும் கலந்து கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

“தங்கச்சி, மொதல்ல ஒரு டீ. அழுறதுண்டாலும் டீ குடிச்சுட்டு அழுவலாம்” என்றார்.

ஒரு சின்னக் கடை முன்னால் வேனை நிறுத்தி ஆரன் அடித்தார். நம் ஊரில் கடை வாசலில் ஆரன் அடித்தால் சண்டைக்கு வருவார்கள். இங்கே டீ வந்தது. மலையாளி ஒருவர் ஓடி வந்து சன்னல் வழியே நீட்டினார். கூடவே பரோட்டா. பாலாடைக்கட்டி தடவி, உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டியிருந்தார்கள். பரோட்டாவைச் சால்னாவில் மூழ்கடித்துத் தின்று பழகிய ஊர்க்காரி நான். இதென்ன கோலம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள். சுத்தமாகத் தின்று முடித்தேன்.

சரவணன் நெய்னா அண்ணன் வீட்டு வாசலில் நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. அவன் தங்கியிருப்பது ரோலா பக்கம், கட்டிலுக்கு வாடகை கொடுக்கும் அறை. அங்கே பெண்கள் போக முடியாது. அதனால் நெய்னா அண்ணனும் அவர் மனைவியும் என்னைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். அண்ணி கொண்டுவந்து வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் மகனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“எல்லாரும் சொல்றதுதான்ம்மா. மேசை மேல பத்து வாள் இருக்கும். எதுவும் புடிக்காம கதவு வரைக்கும் போவாங்க. அப்பதான் குனிஞ்சு கீழேருந்து ஒன்ன எடுக்கணும். துணியில சுத்தி வச்சிருக்கணும். எடுக்குறப்ப வாசலப் பாக்கணும்.”

“வாசல எதுக்குடா பாக்கணும்?”

“யாரும் வந்துருவாங்களோன்னு பயப்படற மாதிரி. அப்பதான் நெசமான சரக்குன்னு நம்புவாங்க.”

“பயப்படற மாதிரி நடிச்ச. இப்ப நெசமாவே பயந்துக்கிட்டு நிக்கிற.”

சரி, பொய் என்றால் பொய்தானே, ஆய்வகத்தில் தெரிந்துவிடப் போகிறது என்று தேற்றிக்கொண்டு, “அப்ப அது என்ன கொம்பு, எருமையா?” என்று கேட்டேன்.

“தெரியாதும்மா.”

“பொய்னு சொன்னியேடா!”

“பொய்தான் சொன்னேன். மத்த வாளெல்லாம் கார்ட்டன்ல வர்ற புதுச் சரக்கு, எருமைக் கொம்பு. இது ஒன்னு மட்டும் பழசு. ராஸ் அல் கைமா மலைப் பக்கம் ஒரு அரபி வீட்டுலேருந்து வாங்கிட்டு வந்தது. பிடி என்னன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன். அது உண்மையாவே காண்டாமிருகமா இருந்துட்டா…”

பிள்ளை தெரியாமல் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் வந்ததற்குப் பிறகு, அந்த வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் அவனோடு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி ஒரு இளம்பெண். கறுப்பு அபாயா அங்கி, பக்கத்தில் பேரீச்சம்பழத் தட்டு. ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு ஒரு பழத்தை எடுத்து நீட்டிவிட்டுத்தான் கோப்பைத் திறந்தார்.

“உங்கள் மகன் பொய் சொன்னதாகச் சொல்கிறார்” என்றார்.

“ஆமாம் மேடம். விற்பதற்காகச் சொன்ன பொய்.”

“கொம்போடு பிடிபடுகிற எல்லோரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் சொல்கிறார்கள். விற்கும்போது அசல், பிடிபட்டதும் போலி.”

பிடியைச் சுரண்டி எடுத்த துகள் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது, முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார். வாளை விற்ற ஆளின் வீடு மகனுக்குத் தெரியும், போய்க் கூட்டி வரலாமா என்று கேட்டேன். “வருவாரென்றால் அழைத்து வாருங்கள். எனக்கும் அவரிடம் கேட்க இருக்கிறது” என்றார்.

அடுத்த நாள் காலை நாலு பேர் வேனில் கிளம்பினோம். நெய்னா அண்ணன், நான், சரவணன், அவன் அறையில் பக்கத்துக் கட்டில்காரன் பிரேம். பிரேம் நேபாளி. ஒரு பெரிய அங்காடியில் செக்யூரிட்டி. அன்று அவனுக்கு டியூட்டி இல்லை. அவன் ஊர் சித்வன் காட்டு ஓரம். நிஜக் காண்டாமிருகத்தைக் கண்ணால் பார்த்தவன் எங்களில் அவன் ஒருவன்தான். அவன் இந்தியில் பேசினான், சரவணன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

சாலை கோடு போட்டதுபோல் நேராகப் போனது. பரமக்குடியிலிருந்து மதுரைக்குப் போவதற்குள் ஆடு, மாடு, ஊர்வலம் என்று எத்தனை தடவை நிற்போம். இங்கே நிற்க ஒரு காரணமும் இல்லாததால் பேச்சுத்தான் பொழுதுபோக்கு.

நெய்னா அண்ணன் ஆரம்பித்தார். “தங்கச்சி, நான் யாவாரி, யாவாரமாத்தான் பேசுவேன். கொம்புங்கிறது நம்ம நகம் மாதிரிதானே? நீங்க மருந்துக்காரங்க, சொல்லுங்க.”

“நகம், முடி, எல்லாம் ஒரே சத்துதான் அண்ணே. மருந்துன்னு அரைச்சுக் குடிக்கிறதுக்கு நம்ம நகத்தையே கடிச்சுக்கிட்டு இருக்கலாம்.”

“அதான் சொல்றேன். அறுத்தா வளருது. ஆப்பிரிக்காவுல காண்டாமிருகப் பண்ணை வச்சிருக்கவன், மயக்க ஊசி போட்டு அறுத்து அடுக்கி வச்சிருக்கானாம், விக்கத்தான் விட மாட்டேங்கிறாங்களாம். விக்க விட்டா என்ன? சந்தையில நல்ல சரக்கு கொட்டிக் கெடந்தா கள்ளச் சரக்க எவன் சீண்டுவான்? ஒரு உசுர் போகாது.”

அசாமில் அரசாங்கமே சேர்த்து வைத்திருந்த கொம்புகளை அடுக்கித் தீ வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தது எனக்கு நினைவு வந்தது. சொன்னேன்.

“பாத்தீங்களா! எரிக்கிறத வித்து, காட்டுக் காவக்காரனுக்கு ஒரு நல்ல ஜீப்பு வாங்கிக் குடுத்துருக்கலாம்ல?”

சரவணன் இதை இந்தியில் சொன்னதும் பிரேம் சிரித்துவிட்டான். “நெய்னா காக்காகிட்ட ஒன்னு கேளு. அவர் கடையில ஊத் விக்கிறாரே, அது தோட்டத்து மரமா, காட்டு மரமா?”

ஊத் என்று அங்கே சொல்வது நம் அகில் கட்டையைத்தான். அரபி வீடுகளில் அதைப் புகைக்காத நாளே கிடையாது.

“இப்ப வர்றதெல்லாம் தோட்டத்து மரந்தான்” என்றார் நெய்னா அண்ணன்.

“வாங்க வர்றவங்க எதக் கேப்பாங்க?”

அண்ணன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். “காட்டு மரத்ததான் கேப்பான் ஹராமி. நாங்களும் காட்டு மரந்தாண்டுதான் சொல்லுவோம்.”

வேனே குலுங்கச் சிரித்தோம். நான் வந்ததிலிருந்து சரவணன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பிரேம் விடவில்லை. தோட்டம் போட்ட பிறகும் காட்டு மரத்துக்குத்தானே மவுசு, கொம்புக்கும் அப்படித்தான் ஆகும், அரசாங்கச் சீட்டு ஒட்டிய கொம்போடு கொன்று எடுத்த கொம்பும் கலந்துவிட்டால் யார் பிரித்துக் காட்டுவார்கள் என்று கேட்டான்.

“சரி, ஒத்துக்குறேன்” என்றார் அண்ணன். “அப்ப தடை போட்டு இத்தன காலமாச்சே, சுடுறது நின்னுச்சா? பண்ணைக்காரன் தீனி போடணும், துப்பாக்கியோட காவல் போடணும். எதுலேருந்து போடுவான்? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லு இவன.”

பிரேம் கையை விரித்தான். மருத்துவமனைச் சன்னலில் உட்கார்ந்து நான் பார்த்தது ஒன்று உண்டு. சிவப்பு மாத்திரை கொடுத்தால்தான் காய்ச்சல் விடும் என்று வந்து நிற்பவர்களுக்கு, வெள்ளை மாத்திரையும் அதே மருந்துதான் என்று எத்தனை சொன்னாலும் ஏறாது. கொம்புக்கு அரசு முத்திரையும் குத்திவிட்டால், அது ஒன்றுமில்லாத நகம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பிரேமின் பெரியப்பாவை வயலில் வைத்துக் காண்டாமிருகம் முட்டிக் கொன்றிருக்கிறது. “அப்ப உனக்குக் கோபம் வரலையா?” என்று கேட்டேன்.

“வந்துச்சு ஆன்ட்டி. எங்க ஊர்ல அதத் திட்டாத வீடு கிடையாது. நெல்லத் தின்னுடும். ஆனா சுட்டுப் போட்டதையும் பாத்திருக்கேன். மூஞ்சியில பாதி இல்ல. கன்னு அங்கயே நின்னுச்சு. விரட்டினாலும் போகல, அம்மா மேல மூக்க வச்சு முட்டிக்கிட்டே இருந்துச்சு. சுட்டவன் என்கூடப் படிச்சவன். ஜெயில்ல இருக்கான். அவன் அம்மா மாசாமாசம் பாக்கப் போகும். அந்தக் கொம்ப வாங்கினவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

சரவணன் கடைசி வாக்கியத்தை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. அந்த அளவு இந்தி எனக்கே புரிந்தது.

ராஸ் அல் கைமாவை நெருங்கும்போது மலைகளைப் பாதி வெட்டித் தின்றதுபோல் கல்குவாரிகள். லாரிகள் எழுப்பிய தூசிக்குள் எங்கள் வேன் புகைந்து நின்றது. முன்மூடியைத் திறந்தால் ஆவி. அண்ணன் ஒரு பாட்டில் அத்தரைத் தவிர வேனில் சொட்டுத் தண்ணீர் வைத்திருக்கவில்லை.

கம்பெனி பஸ் ஒன்று நின்றது. சிமெண்டுத் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து, தங்கும் கேம்புக்குப் போகிறவர்கள். சன்னலுக்குள்ளிருந்து, “தமிழா?” என்று ஒரு குரல். இறங்கியவர் அரியலூர்க்காரர். தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல்.

“ஊர்ல சிமெண்டுத் தூசி ஒத்துக்கலன்னுதான்க்கா இங்க வந்தேன்” என்று சிரித்தார். “இங்க வந்தா இதே தூசி, பேருதான் வேற.”

“அவரு அங்க மூக்கால தின்னாரு, இங்க வாயால திங்கிறாரு” என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவர் கேலி செய்தார்.

அவர்களே தண்ணீர் ஊற்றி, குழாயில் ரப்பர் சுற்றி வேனைக் கிளப்பினார்கள். விடவும் இல்லை. கேம்புக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள். மிளகு ரசம், நெத்திலிக் கருவாடு, பொட்டுக்கடலைத் துவையல். ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று பனியனோடு நின்றவர்கள் எல்லாம் ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என்ன வேலையாக வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மலையடிவாரத்து வீட்டில் பெரியவர் அபு ராஷித் எங்களை உட்கார வைத்துக் காவா ஊற்றினார். கசப்புக் காப்பி, ஏலக்காய் வாசம், சின்னக் கிண்ணம். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தேன். “கிண்ணத்த லேசா ஆட்டுங்க தங்கச்சி, அப்பதான் நிறுத்துவாரு” என்று அண்ணன் காதில் சொல்லும்வரை அது நின்றபாடில்லை. பம்பாயோடு வியாபாரம் செய்த குடும்பமாம். பெரியவர் இந்தி நன்றாகப் பேசினார்.

சரவணன் நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, “நான் உன்னிடம் அது காண்டாமிருகம் என்று சொன்னேனா?” என்றார்.

“இல்லை, நீங்கள் சொல்லவில்லை.”

“சொல்ல மாட்டேன். அந்த வாளின் பழைய பிடி பாறையில் விழுந்து பிளந்துவிட்டது. சந்தையில் ஒரு இந்தியத் தச்சனிடம் கொடுத்து எருமைக் கொம்பு போட்டேன். அதனால்தான் விற்றேன்.”

நான் கண்ணை மூடி முருகா என்றேன். அங்கேயே கிளம்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். பட்டுத் துணியில் பொதிந்த இன்னொரு வாளோடு வந்தார். அவர் தகப்பனாருடையது. கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்வந்த காலத்தில் வந்த கொம்பு. அப்போது அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை என்றார். பிடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரங்களில் தேன்போல ஒளி ஊடுருவியது. இத்தனை அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையில் வாங்கச் சொன்னார். அந்தக் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. வாங்கவில்லை.

“கல்யாணங்களுக்கு இதைத்தான் இடுப்பில் கட்டிப் போவேன்” என்றார். “இப்போது கட்டுவதில்லை. பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஆள் வந்தான். ‘ஷார்ஜா கடைப் பையன் சொன்னான், உங்கள் வீட்டில் இன்னொன்று இருக்கிறதாமே’ என்று கேட்டான். இல்லை என்றேன். திரும்ப வந்தான். என் தம்பி மகனைப் பிடித்து ஆசை காட்டினான். இப்போது என் வீட்டிலேயே அதை விற்றால் என்ன என்று பேச்சு.” சரவணனைப் பார்த்தார். “அவனை நீ அனுப்பினாயா?”

சரவணனின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கடைக்கு வந்த ஒருத்தர் இந்த வாளை நம்பவில்லை” என்றான் மெதுவாக. “நம்ப வைப்பதற்காக, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னேன். அங்கே இன்னொன்றும் இருக்கும் என்று சும்மா சொன்னேன். இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.”

பெரியவர் வாளைப் பட்டுத் துணியில் திரும்பச் சுற்றினார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடைசியில், “நாளை வருகிறேன். பிடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் சொல்வேன். அந்த ஆளைப் பற்றி நீ சொல்ல வேண்டும். என் வாயால் சொல்ல மாட்டேன்” என்றார்.

திரும்பும்போது வேனில் நான் சரவணன் பக்கம் சாய்ந்து சொன்னேன். “சரவணா, அந்த ஆள அனுப்புனத மட்டும் சொல்லாத. எருமைன்னு ஆயிருச்சு. பெரியவரும் வாயத் தொறக்க மாட்டேன்னுட்டாரு. அதோட விட்டுருவாங்க.”

“அம்மா…”

“கொம்பு எங்க கெடைக்கும்னு வழி சொல்லிவிட்டன்னு ஆனா அது தனிக் கேசுடா. ஏன் நீயாப் போய்க் கழுத்த நீட்டுற?”

நெய்னா அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருடைய பாஸ்போர்ட்டும் அந்த அலுவலகத்தில்தான் கிடந்தது. மகன் என்ன சொல்கிறானோ அதைப் பொறுத்துத்தான் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

சரவணன் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் அபு ராஷித் வெள்ளைக் கந்தூரா அங்கியை இஸ்திரி மடிப்புக் கலையாமல் உடுத்தி, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். தச்சன், எருமைக் கொம்பு எல்லாவற்றையும் அரபியில் சொன்னார். தன் தகப்பனார் வாளைப் பற்றியும் அவராகவே சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு பெரியவர் நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சரவணனின் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் பிடிப்பதுபோல.

“இன்னொன்று இருக்கிறது மேடம்” என்றான். சட்டையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ஆள் வந்தது, தான் வழி சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். அந்த ஆளின் எண் தன் போனில் இருக்கும் என்றான். போன் அவர்களிடம்தான் இருந்தது.

அதிகாரி பேனாவை வைத்தார். என்னைத்தான் முதலில் பார்த்தார். “இது உங்களுக்குத் தெரியுமா?”

“நேற்றுத் தெரிந்தது.”

“சொல்லச் சொன்னீர்களா?”

“வேண்டாம் என்றேன் மேடம்.”

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை நான் பழத்தை எடுக்கவில்லை. “உங்கள் மகன் எந்த விலங்கையும் கொல்லவில்லை” என்றார். “ஆனால் ஒருவனுக்குப் பசியைக் கிளப்பிவிட்டு, சாப்பாடு இருக்கிற வீட்டையும் காட்டியிருக்கிறார். அதை அவராகவே சொன்னதையும் எழுதிக்கொள்கிறேன்.”

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், நெய்னா அண்ணன் மனைவியோடு இடியப்பம் பிழிந்தேன் என்றுதான் சொல்ல முடியும். கீழக்கரை வீடுகளில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவதில் ஒரு கணக்கும் கிடையாது. வீட்டில் வேண்டிய மட்டும் பேச்சு இருந்தது, பாஸ்போர்ட்டைப் பற்றி மட்டும் கிடையாது. “உம்மா வீட்டுக்குப் போகணுமே, டிக்கட்டு எப்ப போடலாம்?” என்று அண்ணி கேட்க, “பாக்கலாம், பாக்கலாம்” என்று அண்ணன் பேச்சை மாற்றுவதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். ஊரிலிருந்து சரவணன் அப்பா போனில், “காமாலைக்குக் கீழாநெல்லி குடுத்தியா?” என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன்.

ஒரு காலையில் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். எனக்கு எழுத்து தெரியவில்லை, கண் மங்கிவிட்டது. “எருமை” என்றார் அவரே. வாழ்க்கையில் எருமைக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கொம்பு வழக்கை மூடினார்கள். பொய் சொல்லி விற்கப் பார்த்ததற்கும் அந்த ஆளுக்கு வழி சொன்னதற்கும் சேர்த்து எச்சரித்து எழுதி வாங்கினார்கள். கடை முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிச் சரவணனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார், விசாவும் முடிந்தது. நெய்னா அண்ணன் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, பிறந்த பிள்ளையை முகர்வதுபோல் முகர்ந்து பார்த்தார். அபு ராஷித்துக்கு, வாளை வைத்துக்கொள்ளுங்கள், விற்காதீர்கள், கேட்டு வருகிறவர்களை எங்களிடம் சொல்லுங்கள் என்று சொன்னார்களாம். அந்த ஆள் என்ன ஆனான் என்று கேட்டேன். “அது எங்கள் வேலை” என்றார் அதிகாரி.

சரவணனின் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அத்தர் கடையில் உட்கார்ந்து அதைச் சார்ஜில் போட்டான். உயிர் வந்ததும் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த வாளை எப்போதோ படம் எடுத்து, காண்டாமிருகக் கொம்பு என்று எழுதிப் பலருக்கு அனுப்பியிருக்கிறான். அதை அவர்கள் வேறு பலருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருக்கிறதா, இருக்கிறதா என்று வரிசையாகச் செய்திகள்.

“அழிச்சுருடா” என்றேன்.

“அழிச்சா அவங்க நம்பிக்கிட்டேதானம்மா இருப்பாங்க.”

ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தான். அது எருமைக் கொம்பு, நான் சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள். நான் அவன் தோளுக்குமேல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தார், அதைக் கட்டைவிரலால் மறைத்தான். நெய்னா அண்ணன் கல்லாவிலிருந்து, “மன்னிப்பு கேக்குற யாவாரிய இந்தச் சந்தையில இப்பத்தாம்ப்பா பாக்குறேன்” என்றார்.

அப்போது ஒரு எண்ணிலிருந்து உடனே பதில் வந்தது.

‘பரவாயில்லை தம்பி. அப்படியானால் அசல் எங்கே கிடைக்கும்?’

சரவணன் விரலை எடுத்துவிட்டான். போனை என் பக்கம் திருப்பி, என்ன எழுதுவது என்பதுபோல் பார்த்தான்.

“மிருகத்தோட மூஞ்சியில இருக்குன்னு எழுது” என்றேன்.

எழுதினான். அனுப்பினான். படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. அந்த ஆள் ஏதோ தட்டச்சு செய்வதாகக் காட்டியது. பிறகு அது நின்றுபோனது. போனைக் கல்லாமேல் வைத்துவிட்டு நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை. வேறு யாரையாவது கேட்கப் போயிருப்பார்.